அபூர்வமும் கட்டில் படமும்

சினிமா பார்க்கிறவர்களில் பல ரகம் உண்டு. பார்த்துவிட்டு அழுகிறவர், பார்த்துக்கொண்டே தூங்குகிறவர், பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கதையை முன்கூட்டியே சொல்லி உயிரை வாங்குகிறவர் என்று எல்லாரையும் உங்களுக்குத் தெரியும். இவர்களால் பெரிய தொல்லை இல்லை. விளக்குப் போட்டதும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். இங்கே நாம் பார்க்கப் போகிறவர் வேறு ரகம். நீங்கள் பார்க்காத படத்தை மட்டுமே நேசிக்கிறவர். என்றைக்கு அதை நீங்கள் பார்த்துத் தொலைக்கிறீர்களோ, அன்றைக்கே அவருக்கும் அந்தப் படத்துக்கும் உறவு அறுந்துபோகும். ஊருக்கு ஒருவராவது இருப்பார். நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை, வாய்தவறி சினிமா என்று ஒரு வார்த்தை சொன்னால் அவரே உங்களைத் தேடி வந்துவிடுவார்.

நம் ஆளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது மின்சாரக் கட்டண ரசீதில் மட்டும் வரும். மற்றபடி ஊரே அவரை அபூர்வம் என்றுதான் சொல்லும், அவர் இல்லாதபோது சத்தமாகவும் இருக்கும்போது கொஞ்சம் மெதுவாகவும். மூச்சுக்கு மூச்சு அந்த வார்த்தையைச் சொன்னால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண் பரிசோதனைக்கு வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின்மேல் கனமான சட்டத்தை மாட்டி, "இது தெரியுதா, இப்ப தெரியுதா" என்று லென்ஸை மாற்றி மாற்றிப் போடுவார். மூன்றாவது லென்ஸ் போடும்போது குரல் தாழும். "போன மாசம் எங்க சங்கத்துல ஒரு படம் போட்டோம், அபூர்வமான படம், நீங்க பார்த்திருக்க மாட்டீங்க." இரண்டு கண்ணிலும் இரும்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதர் எங்கே ஓடுவார்?

"பார்த்தீங்களா" என்று அவர் யாரையும் கேட்டதில்லை என்பதைக் கவனியுங்கள். "பார்த்திருக்க மாட்டீங்க" என்றுதான் ஆரம்பம். இல்லை என்று தலையாட்டினால் நீங்கள் பிழைத்தீர்கள். முகம் பூரித்து, அந்தப் படத்தின் அருமை பெருமைகளை அரைமணி நேரம் சொல்லி, கண்ணாடி விலையிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்வார். விவரம் தெரியாமல் "பார்த்திருக்கேனே சார்" என்று சொல்லிவிட்டீர்களோ, தொலைந்தீர்கள்.

"எந்தப் பிரதி?" என்பார்.

ஒரு படத்துக்குப் பல பிரதி உண்டு என்பதே உங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

"நீங்க பார்த்தது வெட்டின பிரதியா இருக்கும். முழுப் பிரதி இன்னும் கொஞ்ச நேரம் ஓடும்."

"முழுசாத்தான் சார் பார்த்தேன்."

"சின்னத் திரையிலயா, பெரிய திரையிலயா?"

"பெரிய திரையிலதான். வெளியூர்ல ஒரு விழாவுல."

அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பணப்பை காணாமல் போனவர் சட்டைப்பையைத் தடவுகிற முகம். "அப்போ சரி" என்று இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு லென்ஸைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவார். அடுத்த முறை அந்தப் படத்தின் பேச்சு வந்தால், "அத தேவைக்கு மேல தூக்கி வெச்சுட்டாங்க" என்று உதட்டைப் பிதுக்குவார். போன வாரம்வரை தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

இப்படிப்பட்டவர் கையில் யாராவது ஒரு திரைப்படச் சங்கத்தைக் கொடுப்பார்களா? கொடுக்க மாட்டார்கள். அதனால் அவரே ஒன்றை ஆரம்பித்துக்கொண்டார். அரிய திரைப்படச் சங்கம் என்று பெயர். மாதக் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம், பொது நூலகத்தின் மாடி அறையில் காட்சி. சம்பளம் கிடையாது, கட்டணம் கிடையாது, பெரும்பாலான மாதங்களில் பார்வையாளரும் கிடையாது. தலைவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். தொழிலில் எத்தனையோ பேரைச் சாய்த்து உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னவர், விளக்கு அணைந்ததும் தானே அப்படி ஆகிவிடுவார். காரியதரிசி அபூர்வம். படம் ஓட்டுகிற கருவியையும் மடிக்கணினியையும் ஒயர்களையும் பார்த்துக்கொள்வது அவர் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணினி ஆசிரியை. கல்யாணமான புதிதில் "சினிமாவுக்குப் போலாமா" என்று ஒருமுறை கேட்ட பாவத்துக்கு இன்றுவரை அனுபவிக்கிறார். இவர்களைத் தவிர, தவறாமல் வருகிற உறுப்பினர்கள் நாலு பேர் தேறுவார்கள். எல்லாருக்கும் தாடி.

சங்கத்துக்குச் சில விதிகள் உண்டு. நாற்காலியில் மெத்தை கூடாது; சுகமாக உட்கார்ந்தால் மனசு கலைந்துவிடும். படம் ஓடும்போது யாரும் சிரிக்கக் கூடாது. சிரித்தால் புரியவில்லை என்று அர்த்தம். முடிந்ததும் கை தட்டக் கூடாது, கொஞ்ச நேரம் மௌனமாகத் தரையைப் பார்க்க வேண்டும். பிறகு கலந்துரையாடல். தாடிகளில் ஒன்று தொண்டையைக் கனைத்து, "அந்த ஜன்னல் மூணு தடவ வருது, ஆனா ஒரு தடவகூட அது ஜன்னலா வரல" என்று சொல்லும். மற்றத் தாடிகள் மெதுவாக ஆடும். ஜன்னல் வேறு என்னவாக வந்தது என்று யாராவது கேட்டதுண்டா? கேட்டால் அடுத்த மாதம் எந்த முகத்தோடு வருவது?

இதற்கெல்லாம் முன்னால் அபூர்வத்தின் அறிமுக உரை இருக்கிறது. வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் எப்போதோ வந்த கட்டுரையை மூக்குமுட்டப் படித்துவிட்டு வந்து, இயக்குநர் பிறந்த வீட்டிலிருந்து ஆரம்பிப்பார். முதல் காட்சி, நடுக் காட்சி என்று நகர்ந்து, கடைசியில் முடிவையும் சொல்லிவிடுவார். "கதை தெரிஞ்சுட்டாத்தான் நிம்மதியா கலைய பார்க்க முடியும்" என்பது அவர் சித்தாந்தம். சொல்லிவிட்டு வாசலுக்குப் போய், கையைப் பின்னால் கட்டி, தாமதமாக வருகிறவர்களை முறைப்பதற்கும் பாதியில் நழுவுகிறவர்களை மறிப்பதற்கும் நின்றுகொள்வார். படம் முடிகிறவரை அங்கேதான் நிற்பார்.

ஒரு காட்சிக்கு மறுநாள் நூலகர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு அதை மேசையில் தேடுகிற அம்மாள். ஆனால் கணக்கில் புலி.

"சார், நேத்து எத்தன பேர் வந்தாங்க?"

"தரமான கூட்டம் மேடம்."

"எத்தன பேர்?"

அபூர்வம் விரல்விட்டு எண்ண ஆரம்பித்து, ஒரே கையில் முடிந்துவிட்டதால் நிறுத்திக்கொண்டார்.

"சதுரங்க வகுப்பு வாத்தியார் இடம் கேட்டு நடையா நடக்கிறார்" என்றார் நூலகர். "பிள்ளைங்க நாப்பது பேர் இருக்காங்க. நான் மேலதிகாரிக்கு என்ன பதில் சொல்றது? அடுத்த காட்சிக்குப் பாதி நாற்காலியாவது நிரம்பணும் சார். இல்லேன்னா சனிக்கிழமைய அவங்களுக்குக் குடுத்துடுவேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

கேலியை ஒரு நிமிடம் நிறுத்திவைத்து உள்ளதைச் சொல்லிவிடலாம். அந்த மாடி அறைதான் அபூர்வத்தின் உயிர். வாரம் முழுக்கக் கடையில் சட்டத்துக்குத் திருகு முடுக்குகிறவர், மாதத்தில் ஒரு சாயங்காலம் அங்கே நாலு பேர் முன்னால் மைக் இல்லாமல் பேசுவார். அந்த நாலு பேரும் குறுக்கே பேச மாட்டார்கள். அதுவும் போய்விட்டால் அவர் வெறும் கண்ணாடிக்கடைக்காரர்.

வேறு வழியில்லாமல் அன்றைக்கு இரவே பீரோவைத் திறந்தார். உள்ளே, வீட்டுப் பத்திரத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு குறுந்தகடு இருந்தது. கண்ணாடிச் சட்டங்களின் கண்காட்சி ஒன்றுக்காக வெளிநாடு போனபோது, சந்து ஒன்றில் பழைய சாமான் கடையில் வாங்கியது. "இது ஒண்ணுதான் இருக்கு" என்று கடைக்காரர் சொன்னாராம். கடையில் ஒன்றுதான் இருக்கிறது என்று அந்த மனுஷன் சொல்லியிருக்கலாம். அபூர்வம் உலகத்தில் என்று எடுத்துக்கொண்டார். வாங்கி வந்த நாளாக அது பீரோவைவிட்டு வெளியே வரவில்லை. இவ்வளவு பெரிய படைப்பை வீட்டில் சின்னத் திரையில் போட்டுப் பார்ப்பதா, பாவமில்லையா? அதனால் யாரும் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை. இந்தக் கடைசி விஷயம் பீரோவுக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும்.

கறுப்பு வெள்ளைப் படம். பேச்சு அனேகமாகக் கிடையாது. மனைவி கோபித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுகிறாள். புருஷன் அவர்களுடைய இரட்டைக் கட்டிலை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி, மழையிலும் வெயிலிலும் ஊர் ஊராகத் தள்ளிக்கொண்டு அவளைத் தேடிப் போகிறான். கடைசியில், நடு ரோட்டில் மழையில் நனைந்தபடி அந்தக் கட்டிலிலேயே படுத்துச் செத்துப்போகிறான். இதெல்லாம் பத்திரிகைக் கட்டுரையில் இருந்தது. நவீன மனிதனின் தனிமை என்றும் இருந்தது. அபூர்வம் அதை மனப்பாடம் செய்தார். 'உலகத்திலேயே ஒரே பிரதி' என்று தடித்த எழுத்தில் அச்சடித்துக் கடைக்கண்ணாடியில் ஒட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தலைக்குச் சாயம் அடிக்கப் போனார். தாடி நரைக்கலாம், அது சிந்தனை. தலைமுடி நரைக்கக் கூடாது, அது வெறும் வயது. அவருடைய அக்கா, பெண்களுக்கான அழகு நிலையம் நடத்துகிறார். தம்பிக்கு மட்டும் பின்வாசல் வழியாக அனுமதி உண்டு. திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, கிண்ணத்தில் குழைத்த கருப்பைத் தலைமுழுக்க அப்பிவிட்டு அக்கா முன்பக்கம் போய்விட்டார். ஊறட்டும் என்று அபூர்வம் உட்கார்ந்திருந்தார். திரை கொஞ்சம் விலகியிருந்தது. முன்பக்கச் சுவரில் இருந்த டிவியில் வெள்ளையாக ஏதோ ஒன்று கருப்பாக ஏதோ ஒன்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. கண்ணாடி இல்லாமல் அவருக்கு அவ்வளவுதான் தெரியும். பேச்சு மட்டும் நன்றாகக் கேட்டது.

"இந்தப் பாலத்துல வண்டி மாட்டிக்கும் பாருங்க."

"அய்யோ, அந்தக் கழுத இப்பத்தான வரும்?"

"கழுத வந்து தலையணைய தின்னுடும். நான் போன தடவையே பார்த்துட்டேன்."

"பாவம் அந்தாளு, கட்டில வித்துட்டு வேற வாங்கலாமில்ல?"

அபூர்வம் நாற்காலி நுனிக்கு வந்தார். "அக்கா" என்று கூப்பிட்டார். "அது என்ன படம்?"

"கட்டில் படம்டா" என்றார் அக்கா, யாருடைய தலையையோ கழுவியபடி.

"உனக்கு எப்படிக் கிடைச்சுது?"

"போன்ல கிடந்துச்சு. எடுத்து டிவில போட்டேன். ஏன்டா?"

"அது உலகத்திலேயே ஒரே பிரதி அக்கா."

"அப்படியா? நல்லாத்தான் ஓடுது."

விஷயம் இதுதான். சாயம் அடித்த தலையோடு கண்ணாடி போட முடியாது, காதுக்கம்பியில் கருப்பு ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி இல்லாமல் திரைக்கடியில் ஓடுகிற எழுத்தைப் படிக்க முடியாது. முடி உலர்த்துகிற மெஷின் இரைச்சலில் வசனமும் கேட்காது. அதனால் அக்கா பேச்சே இல்லாத படமாகத் தேடினார். தேடியதில் இது சிக்கியது. மாதக்கணக்காக ஓடுகிறது. புது ஆள் வந்து உட்கார்ந்ததும் "முதல்லேர்ந்து போடுங்கக்கா" என்று சொல்வதால் மறுபடி முதலிலிருந்து ஓடும். ஊருக்குள் நரைத்த பெண்களில் பாதிப்பேர் நவீன மனிதனின் தனிமையைத் தலையில் சாயத்தோடு பார்த்துவிட்டார்கள்.

"ஆனா ஒண்ணுடா" என்றார் அக்கா. "முடிவு என்னன்னு எங்க எவளுக்கும் தெரியாது. அதுக்குள்ள ஊறுற நேரம் முடிஞ்சிடும். கழுவலேன்னா தலை வெந்துடும். நானும் கழுவிட்டு நிப்பேன்."

"வீட்டுல போய்ப் பார்க்க வேண்டியதுதானே?"

முன்பக்கம் நாலைந்து பேர் ஒன்றாகச் சிரித்தார்கள். "வீட்டுல யாரு உக்கார விடுறா?" என்றது ஒரு குரல். "உக்காந்தா போதும், அம்மா என் சாக்ஸ் எங்கன்னு ஒண்ணு வரும்."

"நீ சனிக்கிழமை இதத்தான் போடறியாமே?" என்றார் அக்கா. "கடைசிவரைக்கும் போடுவ இல்ல? எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன்."

நீங்களாக இருந்தால் அக்காவின் காலில் விழுந்திருப்பீர்கள். அறை நிரம்பும், சனிக்கிழமை தப்பும், சதுரங்க வாத்தியார் வேறு மாடியைத் தேடுவார். அபூர்வம் தலையில் சாயம் சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்து, "படத்த மாத்தணும்" என்றார் மனைவியிடம்.

"ஏன்?"

"எல்லாரும் பார்த்துட்டாங்க."

"அதனால என்ன? மறுபடி பார்க்கணும்னு ஆசையாத்தான வர்றாங்க."

"உனக்குப் புரியாது. நம்ம சங்கம் யாரும் பார்க்காத படத்த காட்டற சங்கம்."

மனைவி விடைத்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "காட்டினா பார்த்துடுவாங்களே?"

அபூர்வம் பல் டாக்டருக்குப் போன் போட்டார். "வேற படம் கைவசம் இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றார். "அப்போ எதுக்குங்க என்ன எழுப்பினீங்க?" என்றார் டாக்டர். படத்தை மாற்றுகிற பேச்சு அதோடு நின்றது.

நடுவில் நூலகர் வேறு கூப்பிட்டார். "சார், அழகு நிலையத்துப் பொண்ணுங்க எல்லாம் கட்டில் படம் கட்டில் படம்னு பேசிக்கிறாங்க. இது நூலகம் சார்." நவீன மனிதனின் தனிமை என்று அபூர்வம் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். எதற்கும் தானே வந்து உட்கார்ந்து பார்ப்பதாக அந்த அம்மாள் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை வந்தது. கூட்டம் என்றால் கூட்டம், படியேறி வந்துகொண்டே இருந்தார்கள். கன்னங்கரேல் என்று பளபளக்கிற தலைகள். மாடி முழுக்கச் சாய வாசனை. சிலர் வீட்டிலிருந்தே தலையணை கொண்டுவந்து இரும்பு நாற்காலியில் போட்டுக்கொண்டார்கள். தாடிகள் மிரண்டுபோய்க் கடைசி வரிசையில் ஒண்டின. நாற்காலி போதாமல் கீழே நூலகர் அறையிலிருந்து ஸ்டூல்கள் வந்தன. மனைவி கருவியைத் துடைத்து, ஒயரைச் செருகி, தயார் என்று தலையசைத்தார். அபூர்வம் முன்னால் போய் நின்றார். இத்தனை நாளில் இவ்வளவு பேரைப் பார்த்துப் பேசியதில்லை. சந்தோஷமாக இருந்தது, அவமானமாகவும் இருந்தது.

இயக்குநர் பிறந்த வீட்டைச் சொன்னார். யாரோ கொட்டாவி விட்டார்கள். பாலத்தைப் பற்றிச் சொல்லும்போது குதிரை என்றார். "கழுத" என்று முன்வரிசை திருத்தியது. அது அவருக்குச் சுருக்கென்று பட்டது. இவர்களுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது தன் கையில் இருக்கிறது என்ற நினைப்பு வந்தது. கட்டிலே பாடையாகும் கடைசிக் காட்சி என்று ஆரம்பித்தார்.

"டேய்" என்றார் அக்கா.

அபூர்வம் நிறுத்தவில்லை. மழை, நடு ரோடு, மரணம் என்று மூன்றையும் முடித்துவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

பின்னாலிருந்து ஒரு குரல், "இதுக்கா புருஷனுக்கு வெறும் சோத்த வெச்சுட்டு ஓடிவந்தேன்" என்றது. ஒரு பெண் தலையணையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். நூலகர் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார். அபூர்வத்துக்கு அப்போதுதான் தான் செய்த காரியம் உறைத்தது. வாசலுக்கு ஓடி, கையை விரித்து நின்றார். அவருடைய முகத்தைப் பார்த்து அக்காவுக்கே மனசு கேட்கவில்லை.

"உக்காருங்கடி, வந்தது வந்துட்டோம்" என்றார். "எப்படிச் சாகிறான்னாவது பார்ப்போம்."

படம் ஓடியது. பாலத்தில் வண்டி மாட்டியது. கழுதை தலையணையைத் தின்றது. அறையே சிரித்தது, விதிகளை யார் நினைத்தார்கள்? பல் டாக்டர் விழித்துக்கொண்டு, பல வருஷங்களில் முதல் தடவையாக, திரையைப் பார்த்தார். பிறகு யாரும் பார்க்காத பகுதி வந்தது. பேச்சு நின்றது. வாசலில் வெளிப்பக்கம் பார்த்து நின்றிருந்த அபூர்வம் அந்த நிசப்தத்தைக் கேட்டுத் திரும்பினார்.

மழை பெய்தது. நடு ரோடும் வந்தது. ஆனால் அந்த ஆள் சாகவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் போய் நின்றான். மனைவி கதவைத் திறந்தாள். ஒன்றும் பேசாமல் கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். வாசல் குறுகல், கட்டில் நுழையவில்லை. நிமிர்த்தினார்கள், சாய்த்தார்கள், அவள் உள்ளே மாட்டிக்கொண்டாள், அவன் வெளியே. அவள் ஜன்னல் வழியாக இறங்கி வந்தாள். மறுபடி தூக்கினார்கள். அவன் விரல் நசுங்கியது. அவள் சிரித்தாள். கடைசியில் கட்டிலை ரோட்டிலேயே போட்டு, மழை விட்டதும் இரண்டு பேரும் அதன்மேல் உட்கார்ந்து, ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். அவ்வளவுதான் படம். பத்திரிகையில் கட்டுரை எழுதியவரும் அதைக் கடைசிவரை பார்க்கவில்லை போலிருக்கிறது.

கட்டில் இரண்டாம் முறை வாசலில் சிக்கியபோது வாசல்பக்கமிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அது அபூர்வத்தின் சிரிப்பு. அவரே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டார். சாப்பிடுகிற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

விளக்குப் போட்டதும் மௌனம் கிடையாது, தரையைப் பார்ப்பது கிடையாது. கைதட்டல் கீழே புத்தக அலமாரிவரை கேட்டிருக்கும். தாடிகளும் தட்டின. அக்கா நேராக வாசலுக்கு வந்தார். அபூர்வம் தலையைக் குனிந்துகொண்டார்.

"நல்லா ஏமாத்துனடா" என்றார் அக்கா. "செத்துடுவான் செத்துடுவான்னு சொல்லி வெச்சு, எங்கள கடைசிவரைக்கும் வயித்துல நெருப்போட உக்கார வெச்சுட்ட. உனக்கு இவ்ளோ மூளை உண்டுன்னு எனக்குத் தெரியாது."

"அது ஒரு உத்தி அக்கா" என்றார் அபூர்வம்.

நூலகர் வந்து, சனிக்கிழமை இனி சங்கத்துக்கேதான் என்றார். சதுரங்கப் பிள்ளைகளுக்குக் கீழே இடம் பார்த்துக்கொள்ளலாமாம். தலைமேல் இருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு அவர் இறங்கிப் போனார். கூட்டம் மெதுவாகக் கலைந்தது. மனைவி ஒயரைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"என்னங்க, நீங்க இந்தப் படத்த பார்த்ததே இல்லையா?"

அபூர்வம் ஒரு நாற்காலியை மடக்கினார். அது மடங்கவில்லை. "சின்னத் திரையில பார்க்கக் கூடாதுன்னு வெச்சிருந்தேன்."

"இத மட்டுமா, இதுவரைக்கும் போட்ட எல்லாத்தையுமா?"

"நான் வாசல்ல நிக்கணும் இல்ல?"

மனைவி ஒயரைப் பையில் வைத்தார். அத்தனை படத்தையும் முதலிலிருந்து கடைசிவரை பார்த்தவர் அந்த வீட்டில் அவர்தான். ஒவ்வொரு மாதமும் அறிமுக உரையையும் படத்தையும் மனசுக்குள் ஒப்பிட்டுப் பார்த்து வந்திருக்கிறார். "சரி, இன்னிக்குப் பார்த்தீங்களே, எப்படி இருந்துச்சு?" என்றார்.

அபூர்வம் யோசித்தார். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். "நல்லா இருந்துச்சு" என்றார், திருட்டுத்தனம் செய்தவர் குரலில். ஊரே பார்த்த ஒரு படத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. மனைவிக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் இவரைப் பற்றி எழுத வேண்டிய அவசியமே இல்லை. திருந்திவிட்டார் என்று விட்டிருக்கலாம். படிக்கட்டில் அக்காவும் அவருடைய வாடிக்கையாளர்களும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த மாசம் என்ன படம்டா? அதே ஆளு எடுத்தது வேற ஏதாவது இருக்கா?"

இத்தனை முகங்கள், எல்லாம் ஆசையோடு. அபூர்வத்துக்கு உள்ளே பழைய வியாதி திரும்பி வருவதை மனைவி கண்ணால் பார்த்தார். முதுகு நிமிர்ந்தது, குரல் தாழ்ந்தது, கை தாடிக்குப் போனது.

"இதெல்லாம் அவருடைய சாதாரணப் படம் அக்கா. முதல் படம் ஒண்ணு எடுத்தார், அதுதான் படம். நீங்க பார்த்திருக்க மாட்டீங்க."

"பார்க்கலாமே, போடேன்."

"முடியாது. இருந்ததே ஒரே பிரதி. கிடங்குல தீப்பிடிச்சு எரிஞ்சுபோச்சு."

"அப்போ அத யாருமே பார்க்க முடியாதா?"

"யாருமே முடியாது" என்றார் அபூர்வம். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. தன் கனவுப் படத்தை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் நாளைக்கு இந்தக் கதையை நாலு பேரிடம் சொல்லாமல் உங்களால் இருக்க முடியாது. "ஒரு கதை வந்திருக்கு, நீங்க படிச்சிருக்க மாட்டீங்க" என்றுதான் ஆரம்பிப்பீர்கள். எதிரே இருக்கிறவர் காபியை உறிஞ்சிக்கொண்டே, "அந்தக் கட்டில் கதைதானே? நான் அப்பவே படிச்சுட்டேன்" என்று சொல்லக்கூடும். அப்போது சந்தோஷப்பட்டு, அவரோடு சேர்ந்து இன்னொரு தடவை சிரித்தால் உங்களுக்கு ஒன்றும் இல்லை. முகம் லேசாகத் தொங்கி, "முழுசாவா படிச்சீங்க?" என்று ஒரு கேள்வி உங்கள் நாக்கு நுனிவரை வந்துவிட்டால், மாதக் கடைசிச் சனிக்கிழமையில் நூலக மாடிக்கு வாருங்கள். வாசலில் உங்களுக்கும் நிற்க இடம் இருக்கிறது.